மூன்றாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து ப்ரீ-கேயை மூடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறோம். எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) 2019 ஆகஸ்டில் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இலவச ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய ஆண்டு வகுப்பு) ஆரம்பித்தது. மூன்று வகுப்பறை, ஆண்டுக்கு 60 பேர். சென்ற மாதம் டிஸ்ட்ரிக்ட்டை நிர்வகிக்கும் போர்டின் கூட்டத்தில் ஒரு ஸ்லைடு போட்டார்கள். 2024, 2025 இரண்டு ஆண்டும் மூன்றாம் வகுப்பு மாநிலத் தேர்வில், ப்ரீ-கே படித்துவிட்டு வந்தவர்களும் படிக்காமல் வந்த சுமார் 300 பேரும் கிட்டத்தட்ட ஒரே தேர்ச்சி விகிதம். வாசிப்பில் படிக்காதவர்கள் ஒரு படி மேல்கூட. "பிறகு எதற்கு இந்தச் செலவு?" என்று இரண்டு உறுப்பினர்கள் மூடச் சொல்கிறார்கள். பிப்ரவரியில் வாக்கெடுப்பு. என் மகளுக்கு வரும் ஜூனில் நான்கு வயது முடிகிறது. இதுவரை ஊரிலிருந்து வந்து தங்கும் என் அம்மாவும் மாமியாரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். அவளைச் சேர்க்கலாமா? போர்டில் எழுந்து பேசினால் என்ன கேட்பது?

பதில்: மகளுக்கு விண்ணப்பம் போடுங்கள். ஆனால் வகுப்பறையை ஒருமுறை நேரில் பார்த்த பிறகு இடத்தை உறுதி செய்யுங்கள். அந்த ஸ்லைடைப் பொறுத்தவரை, அதை வைத்து ப்ரீ-கேயை மூடவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது. ஏன் என்பதைத்தான் போர்டில் நீங்கள் பேச வேண்டும்.

முதலில் வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2024-ல் மூன்றாம் வகுப்புத் தேர்வு எழுதிய பிள்ளைகள் 2019-20-ல் ப்ரீ-கேயில் இருந்தவர்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. அடுத்து அவர்கள் போன கிண்டர்கார்டன் (ஐந்து வயதில் தொடங்கும் பள்ளியின் முதல் ஆண்டு) 2020-21. பல ஊர்களில் அது கணினித் திரையில் நடந்தது. 2025-ல் எழுதியவர்கள் அந்த 2020-21-ல் ப்ரீ-கே 'படித்தவர்கள்'. நான்கு வயதுக் குழந்தை ஜூமில் உட்கார்ந்ததையோ, பாதி நாள் மட்டும் போனதையோ முழு ஆண்டு ப்ரீ-கே என்று பதிவேடு சொல்லும். ஸ்லைடும் அதையேதான் எண்ணியிருக்கும். ஆக, உங்கள் டிஸ்ட்ரிக்ட் இதுவரை அளந்திருப்பது ப்ரீ-கேயின் மிக மோசமான இரண்டு ஆண்டுகளை. 2021-22-ல் ப்ரீ-கே படித்தவர்கள்தான் ஓரளவு சாதாரணமான முதல் அணி. அவர்கள் மூன்றாம் வகுப்புத் தேர்வு எழுதுவது 2026 ஏப்ரல்-மே மாதங்களில். இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே போர்டில் பாதிப் பேச்சு அடங்கும்.

அடுத்தது, இந்த 60 பேர் யார்? ப்ரீ-கேயில் சேரும் விதி என்ன என்று உங்கள் கடிதத்தில் இல்லை, அதுதான் முக்கியம். பல டிஸ்ட்ரிக்ட்களில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முன்னுரிமை உண்டு. பெரும்பாலும் பள்ளி மதிய உணவுக்கான வரம்பையே எடுத்துக்கொள்வார்கள்: மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185 சதவீதம் வரை சலுகை விலை. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள், வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் ஆகியோரும் முன்வரிசையில் வருவார்கள். உங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றால், பின்தங்கித் தொடங்கிய 60 பேர் மூன்றாம் வகுப்பில் மற்ற 300 பேரோடு சமமாக நிற்கிறார்கள். அது தோல்வி இல்லை, பெரிய முன்னேற்றமாகக்கூட இருக்கலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஆன்லைனில் முதலில் பதிவு செய்தவருக்கு முதல் இடம் என்று வைத்தால், காலை எட்டு மணிக்கே கணினி முன் உட்காரும் பெற்றோரின் பிள்ளைகள்தான் உள்ளே போவார்கள். அவர்கள் ப்ரீ-கே இல்லாமலேயே நன்றாகப் படிப்பார்கள். அங்கே சமநிலை என்பது கவலைக்குரிய செய்தி. ஒரே ஸ்லைடு, இரண்டு எதிரெதிர் அர்த்தம்.

'படிக்காதவர்கள்' என்ற சொல்லையும் நம்பாதீர்கள். அந்த 300 பேரில் பலர் காசு கொடுத்துத் தனியார் ப்ரீஸ்கூல் போயிருப்பார்கள், சிலர் ஹெட் ஸ்டார்ட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மத்திய அரசின் இலவச ப்ரீஸ்கூல்) போயிருப்பார்கள். 1965-ல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட்டை மத்திய அரசு 2002-ல் பெரிய அளவில் குலுக்கல் முறையில் ஆய்வுக்கு எடுத்தபோதே இந்தச் சிக்கல் வந்தது. இடம் கிடைக்காத குழுவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வேறு ஏதோ ஒரு ப்ரீஸ்கூலில் சேர்ந்திருந்தார்கள். ப்ரீஸ்கூலை ப்ரீஸ்கூலோடு ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசம் குறைவு என்று சொல்வதில் அர்த்தமில்லை. கிண்டர்கார்டன் சேர்க்கைப் படிவத்தில் 'சென்ற ஆண்டு குழந்தை எங்கே இருந்தது' என்று ஒரு கேள்வி வழக்கமாக இருக்கும். அந்தப் பதிலை வைத்து 300 பேரை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: தனியார், ஹெட் ஸ்டார்ட், வீடு.

எண்ணிக்கையும் சின்னது. 60 பேருக்கும் 300 பேருக்கும் இடையே தேர்ச்சி விகிதத்தை ஒப்பிட்டால், தற்செயலால் மட்டுமே 14 சதவீதப் புள்ளி வரை இப்படியும் அப்படியும் ஆடும் (தேர்ச்சி விகிதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது). இரண்டு ஆண்டையும் சேர்த்தால் 10 புள்ளி. ப்ரீ-கேயில் சேர்ந்த 60 பேரும் ஊரை விட்டுப் போகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கே. நாலு வருடத்தில் சிலர் மாறிப்போயிருப்பார்கள், ஆட்டம் இன்னும் கூடும். 'ஒரு படி மேல்' என்று ஸ்லைடு காட்டிய வித்தியாசத்துக்கு ஒரு பொருளும் இல்லை. நல்ல ப்ரீ-கே ஒன்று மூன்றாம் வகுப்பில் 5 புள்ளி உயர்வு கொடுத்தாலும் இந்த அளவு எண்ணிக்கையில் அது கண்ணில் படாது. போதாக்குறைக்கு, தேர்ச்சி விகிதம் ஒரு கோட்டுக்கு மேலா கீழா என்று மட்டும் பார்க்கிறது. கோட்டுக்கு வெகு கீழே இருந்த பிள்ளை கோட்டுக்கு அருகில் வந்திருந்தால் அது பூஜ்யம். சராசரி ஸ்கேல் ஸ்கோரை, அதாவது தேர்ச்சிக் கோட்டைப் பார்க்காமல் ஒவ்வொருவரும் எடுத்த மதிப்பெண்ணின் சராசரியை, கேளுங்கள். மாநிலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைத் தருகிறது, டிஸ்ட்ரிக்ட்டிடம் இருக்கிறது.

இனி, போர்டில் யாராவது "நாடு முழுக்க ஆராய்ச்சி என்ன சொல்கிறது?" என்று கேட்பார்கள். இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். ஆராய்ச்சி ஒரே குரலில் பேசவில்லை.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது மிச்சிகனில் இப்சிலாண்டி நகரின் பெர்ரி ப்ரீஸ்கூல். 1962 முதல் 1967 வரை நடந்தது. மொத்தம் 123 குழந்தைகள், அதில் 58 பேர்தான் ப்ரீஸ்கூல் குழு. நுண்ணறிவு மதிப்பெண்ணில் கிடைத்த உயர்வு சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. ஆனால் 40 வயது வரை பின்தொடர்ந்தபோது வருமானம் கூடியிருந்தது, கைது குறைந்திருந்தது. இதை உங்கள் டிஸ்ட்ரிக்ட்டுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். அங்கே ஐந்தாறு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் ஆசிரியர் வீட்டுக்கே போனார். உங்கள் ஊரில் ஒரு வகுப்பறைக்கு 20 பேர். மூட வேண்டாம் என்பவர்கள் பெர்ரியைத் தூக்கிக்கொண்டு வந்தால், எதிர்த்தரப்பு இதைச் சொல்லியே மடக்கிவிடும்.

ஓக்லஹோமா பொருத்தமான உதாரணம். 1998-லேயே அந்த மாநிலம் எல்லா நான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் ப்ரீ-கேயைத் திறந்தது. ஆசிரியருக்குப் பட்டமும் குழந்தைக் கல்விச் சான்றிதழும் கட்டாயம், சம்பளம் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு இணை, வகுப்புக்கு அதிகபட்சம் 20 பேர். டல்சா நகரில் அளந்த விதம் புத்திசாலித்தனமானது. சேர்க்கைக்கான வயது வரம்பு செப்டம்பர் 1. ஆகஸ்ட் கடைசியில் பிறந்த பிள்ளை ப்ரீ-கே முடித்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரம் பிறந்த பிள்ளை இப்போதுதான் ப்ரீ-கேயில் நுழைகிறது. வயது கிட்டத்தட்ட ஒன்று, இருவரின் பெற்றோரும் ப்ரீ-கேயைத் தேர்ந்தெடுத்தவர்கள். இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒரே தேர்வு வைத்தால், வித்தியாசம் ஓர் ஆண்டு ப்ரீ-கேயால் வந்தது. 2005-ல் வெளியான முடிவில் எழுத்து, சொல் அடையாளம் காண்பதில் 0.79 திட்டவிலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) கணக்கில் 0.38-உம் உயர்வு. கல்வி ஆய்வில் இவை பெரிய எண்கள்.

இந்த முறையை நீங்களும் கேட்கலாம். ஆகஸ்டில் கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்கு வைக்கும் நுழைவு மதிப்பீட்டை, அதே வாரத்தில் புதிதாக ப்ரீ-கேயில் நுழைபவர்களுக்கும் வைத்தால் போதும். செலவு அதிகமில்லை. 60 பேரில் பிறந்தநாள் கோட்டருகே இருப்பவர்கள் கொஞ்சம்தான் என்பதால் மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்தால்தான் பொருள்படும்.

இப்போது கசப்பான செய்தி. டென்னசி. மாநில ப்ரீ-கேயில் இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்த இடங்களில் குலுக்கல் முறையில் சேர்த்து, 2,990 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். ப்ரீ-கே முடிந்தபோது, அதில் சேர்ந்தவர்கள் முன்னே இருந்தார்கள். கிண்டர்கார்டன் முடிவில் அந்த முன்னிலை காணாமல் போனது. 2022-ல் வந்த ஆறாம் வகுப்பு முடிவில், ப்ரீ-கே போனவர்கள் மாநிலத் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கைகளும் அவர்கள்மேல் அதிகம். குலுக்கல் முறை என்பதால் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வகுப்பறைகளைக் கவனித்த ஆய்வாளர்கள், பெரும்பகுதி நேரம் மொத்த வகுப்பையும் உட்காரவைத்து ஆசிரியர் பேசுவதிலும் ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு மாறுவதிலும் போய்விடுவதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். 'ப்ரீ-கே' என்ற பெயர்ப்பலகை மட்டும் ஒன்றும் செய்யாது, மோசமாக நடத்தினால் கெடுதலும் செய்யும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

பாஸ்டனில் கதை வேறு. 1997-க்கும் 2003-க்கும் இடையே குலுக்கலில் கலந்துகொண்ட 4,000-க்கும் மேற்பட்ட நான்கு வயதுப் பிள்ளைகளைக் கல்லூரி வயது வரை தேடிப் பார்த்தார்கள். மாநிலத் தேர்வு மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. கவனியுங்கள், உங்கள் ஸ்லைடு காட்டும் அதே 'வித்தியாசமில்லை'. ஆனால் இடம் கிடைத்தவர்களில், உயர்நிலைப் பள்ளி முடித்த கையோடு கல்லூரி சேர்ந்தவர்கள் 8 சதவீதப் புள்ளி அதிகம்; உயர்நிலைப் பள்ளியில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானதும் குறைவு. பாஸ்டன் போர்டு அன்று மூன்றாம் வகுப்பு ஸ்லைடைப் பார்த்து மூடியிருந்தால் இது தெரியவே வந்திருக்காது.

மதிப்பெண் முன்னிலை ஏன் கரைகிறது? ப்ரீ-கேயில் சொல்லித்தருவது இரண்டு வகை. ஆங்கில எழுத்து 26, அவற்றின் ஒலி, இருபது வரை எண்ணுதல், நிறம், வடிவம்: இவை எல்லைக்கு உட்பட்டவை. இன்று தெரியாத பிள்ளையும் கிண்டர்கார்டன் முடிவதற்குள் தெரிந்துகொள்ளும். இன்னொரு வகைக்கு எல்லை இல்லை: சொல்வளம், காரணம் சொல்லும் பழக்கம், கேட்ட கதையைக் கோர்வையாகத் திருப்பிச் சொல்வது, எண்களுக்கு இடையிலான உறவு, கோபத்தை அடக்கிக்கொண்டு முறைக்குக் காத்திருப்பது. மூன்றாம் வகுப்பில் பத்தி படித்துப் புரிந்துகொள்ள இவைதான் வேண்டும். அளக்க எளிது என்பதால் பல டிஸ்ட்ரிக்ட்கள் முதல் வகையையே ப்ரீ-கேயின் இலக்காக வைத்துவிடுகின்றன. அது கரைவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

அடுத்த காரணம் கிண்டர்கார்டன். ப்ரீ-கேயில் பத்து வரை எண்ணவும் வட்டம், சதுரம் சொல்லவும் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைக்கு, அங்கே மறுபடி பத்து வரை எண்ணவும் வட்டம், சதுரம் சொல்லவுமே கற்றுத்தருகிறார்கள். கிண்டர்கார்டன் கணக்கு நேரத்தில் பெரும்பகுதி, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததற்கே போகிறது என்பதை நாடு தழுவிய தரவே காட்டியிருக்கிறது. தெரியாத பிள்ளை எட்டிப்பிடிக்கிறது. தெரிந்த பிள்ளை நின்ற இடத்தில் நிற்கிறது. வருட முடிவில் இருவரும் சமம், பழி ப்ரீ-கேமீது. உங்கள் போர்டு உண்மையிலேயே மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறது என்றால், ப்ரீ-கே ஆசிரியர்களும் கிண்டர்கார்டன் ஆசிரியர்களும் ஆண்டுக்கு எத்தனை முறை ஒன்றாக உட்கார்ந்து பாடத்திட்டத்தைப் பார்க்கிறார்கள், மே மாதம் எடுத்த மதிப்பீடு ஆகஸ்டில் கிண்டர்கார்டன் ஆசிரியர் கைக்குப் போகிறதா என்று கேட்க வேண்டும். பல இடங்களில் போவதில்லை. இரண்டும் வேறு வேறு மென்பொருள், திறக்கக்கூட அனுமதி இருக்காது.

போர்டில் பொதுமக்கள் பேச வழக்கமாக மூன்று நிமிடம்தான், சில ஊரில் இரண்டு. அதற்குள் ஆய்வுகளை விவரிக்க முயலாதீர்கள். வருடக் கணக்கை ஒரு நிமிடம் சொல்லுங்கள். பிறகு ஓர் அட்டவணை கேளுங்கள், கேட்பதை எழுதி செயலரிடம் ஒரு நகல் கொடுங்கள். எழுத்தில் இல்லாத கோரிக்கை அடுத்த கூட்டத்தில் நினைவிருக்காது. அட்டவணையில் வேண்டியவை: ஒவ்வொரு ஆண்டு அணிக்கும் கிண்டர்கார்டன் நுழைவு மதிப்பீடு, ஆஜர், கிண்டர்கார்டனிலோ முதல் வகுப்பிலோ மறுபடி அதே வகுப்பில் உட்காரவைக்கப்பட்டவர்கள், ஆங்கிலம் கற்போர் (ஆங்கில உதவி தேவைப்படும் பிள்ளைகள்) பட்டியலிலிருந்து வெளியேறிய ஆண்டு, மூன்றாம் வகுப்பு ஸ்கேல் ஸ்கோர். இவை அனைத்தும் மதிய உணவுத் தகுதி உள்ளவர், இல்லாதவர் என்று தனித்தனியாக. அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் பத்துப் பேருக்குக் குறைவாக வந்தால் மாணவர் அடையாளம் தெரியாமலிருக்க எண்ணை மறைப்பார்கள். அது முறையானதுதான், சண்டை போட வேண்டாம். ஆண்டுகளைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் மாநிலப் பொதுத் தகவல் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். ஆனால் மதிப்பீட்டுப் பிரிவில் நேரில் கேட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கோரிக்கை காத்திருப்போர் பட்டியல். 60 இடத்துக்கு 90 விண்ணப்பம் வந்து குலுக்கல் போட்டால், இடம் கிடைக்காத 30 பேர்தான் மிகச் சரியான ஒப்பீட்டுக் குழு. அவர்களுடைய பெற்றோரும் ப்ரீ-கே வேண்டுமென்று கேட்டவர்களே. செப்டம்பர் பிறந்ததும் அந்தப் பட்டியலை அழித்துவிடுவது பல அலுவலகங்களின் வழக்கம். இந்த ஆண்டு முதல் குலுக்கல் எண்ணோடு பட்டியலைப் பாதுகாத்து, அந்தப் பிள்ளைகள் கிண்டர்கார்டன் வரும்போது மாணவர் எண்ணோடு இணைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். காசு செலவில்லாத தீர்மானம். மூட நினைப்பவர்களும் எதிர்க்கக் காரணம் இருக்காது.

இன்னொரு கணக்கு, சேமிப்பு பற்றியது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள, குறைபாடு உறுதி செய்யப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புக் கல்வி தருவது மத்திய சட்டப்படி டிஸ்ட்ரிக்ட்டின் கடமை. ப்ரீ-கே இருந்தாலும் இல்லாவிட்டாலும். இப்போது அந்தப் பிள்ளைகளில் சிலர் இந்த மூன்று வகுப்பறையில்தான் மற்றவர்களோடு உட்கார்ந்திருப்பார்கள். மூடினால் அவர்களுக்கு வேறு இடம், வேறு ஆசிரியர், பஸ் ஏற்பாடு செய்ய வேண்டும். மாநிலம் ப்ரீ-கேக்கென்றே தரும் மானியம் இருந்தால் அதை மேல்வகுப்புக்கு மாற்ற முடியாது. 'மூடினால் இவ்வளவு மிச்சம்' என்ற எண்ணிலிருந்து இந்த இரண்டையும் கழித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்ட்ரிக்ட்டின் சராசரி எதுவானாலும் அவள் உட்காரப்போவது ஒரு வகுப்பறையில். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு காலை ஒன்பது மணி வாக்கில் போய் ஒன்றரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சுவரில் ஒட்டிய அலங்காரத்தைப் பார்க்காதீர்கள். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் வரிசையில் நிற்பது, கை கழுவக் காத்திருப்பது, அடுத்த வேலை தொடங்கும்வரை பாயில் சும்மா உட்கார்ந்திருப்பது என்று வீணாகும் நிமிடங்களைக் குறியுங்கள். 90 நிமிடத்தில் 15 என்றால் சரி. 40-ஐத் தொட்டால் அந்த ஆசிரியருக்கு வகுப்பு கைக்குள் இல்லை.

பிறகு கதை நேரம். கதையில் ஒரு கரடி கதவருகே வந்து திறக்காமல் நிற்கிறது என்று வையுங்கள். "கரடி என்ன நிறம்?" என்று கேட்டு, "ப்ரவுன்!" என்று எல்லோரும் கத்த, பக்கத்தைப் புரட்டினால் அது பொழுதுபோக்கு. "ஏன் திறக்கவில்லை?" என்று கேட்டு, மூன்று நான்கு நொடி பொறுத்து, ஒரு குழந்தை "பயம்" என்றதும், "எதைப் பார்த்துப் பயம்? எப்படித் தெரிந்தது?" என்று அடுத்த கேள்விக்குப் போனால் அது பாடம். அதே புத்தகத்தை அந்த வாரம் மறுபடி படிப்பார்களா என்றும் கேளுங்கள். தினம் ஒரு புதுப் புத்தகம் பார்க்க அழகு; சொற்கள் மனதில் நிற்பது மூன்றாம் நான்காம் வாசிப்பில்தான்.

கணக்குக்கு ஒரு சின்னச் சோதனை. ஆசிரியர் ஏழு கட்டைகளை எண்ணச் சொல்கிறார், குழந்தை ஒன்று முதல் ஏழு வரை எண்ணுகிறது. "சரி, மொத்தம் எத்தனை?" என்றதும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது. எண்ணத் தெரிகிறது, கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. இதைக் கவனித்து, நான்கைந்து பேரைத் தனியாக மேசையில் உட்காரவைத்து இதற்கென்றே விளையாடவைக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். பள்ளி நுழையும்போது இருக்கும் கணக்கறிவு, பிற்காலக் கணக்கை மட்டுமல்ல, வாசிப்பையும் சேர்த்தே முன்கூட்டிச் சொல்கிறது என்று 2007-ல் வெளியான, ஆறு பெரிய தரவுத்தொகுப்புகளை இணைத்த ஆய்வு காட்டியது. ஒர்க்‌ஷீட்டில் எண்ணை எழுதி எழுதி நிரப்புவது இதற்கு மாற்றாகாது.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடாதீர்கள். பாட்டிமார் இருவரும் சொல்லும் கதையில் வரும் 'ஏன்', 'அதனால்', 'ஆனால்' எல்லாம் ஆங்கிலத்துக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கின்றன. முதல் மூன்று நான்கு மாதம் வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். இரண்டாவது மொழிக்குள் நுழையும் குழந்தைகளிடம் இது வழக்கம். அந்தச் சமயத்தில் தமிழிலேயே பேச்சு தடுமாறினால் அல்லது வீட்டிலும் சொன்னது புரியவில்லை என்றால் மட்டும் டிஸ்ட்ரிக்ட்டிடம் மதிப்பீடு எழுதிக் கேளுங்கள், கட்டணம் இல்லை.

சேர்க்கைப் படிவத்தோடு வீட்டு மொழி பற்றி ஒரு தாள் வரும், சில இடங்களில் கிண்டர்கார்டன் பதிவின்போது. 'ஆங்கிலம்' என்று எழுதிவிட்டால் தொந்தரவு இல்லை என்று நம்மவர்களில் பலர் அப்படியே எழுதிவிடுகிறார்கள். உள்ளதை எழுதுங்கள். கிண்டர்கார்டனில் ஒரு சிறு தேர்வு வைத்து, ஆங்கில உதவி தேவையா என்று முடிவு செய்து, பள்ளி தொடங்கி 30 நாளுக்குள் உங்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். அந்த உதவி வகுப்பை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் ஆங்கிலத் தேர்வு, அவள் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறும்வரை தொடரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆஜர் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டியிருக்கும். 180 நாள் பள்ளி ஆண்டில் 18 நாள் வராவிட்டாலே நாள்பட்ட விடுப்பு என்று எண்ணுவார்கள். சளி, காய்ச்சலில் பத்து நாள் போய்விடும். டிசம்பரில் ஊருக்குப் போய் மூன்று வாரம் தங்கினால் மீதியும் தீர்ந்தது. ப்ரீ-கேதானே என்று விடாமல், பள்ளி விடுமுறையை ஒட்டி டிக்கெட் போடுங்கள்.

நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இலவசம் என்பார்கள், பார்த்தால் இரண்டரை மணி நேரம்தான் இருக்கும். பதினொன்றரைக்கு யார் போய் அழைத்து வருவது? பெரியவர்கள் ஆறு மாத விசா முடிந்து கிளம்பிவிட்டால் அந்தக் கேள்வி உங்கள் அலுவலக நேரத்துக்கு நடுவே வந்து நிற்கும். அதே கட்டடத்தில் மாலை வரை கட்டணப் பராமரிப்பு உண்டா, அதற்குத் தனியாகக் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். அரை நாள், முழு நாள் இரண்டும் இருந்தால் முழு நாளைத் தேர்ந்தெடுக்கலாம், மதியத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாத பட்சத்தில். தூங்காத பிள்ளையை இரண்டு மணி நேரம் இருட்டில் படுக்கவைக்கும் வகுப்புகளும் உண்டு. அது முழு நாள் கணக்கில் வராது.

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, முகவரிச் சான்று மூன்றும் தயாராக இருக்கட்டும். ஊரில் போட்ட ஊசி இருந்தால் அதை இங்குள்ள குழந்தை மருத்துவரிடம் கொடுத்து மாநிலப் படிவத்தில் ஏற்றிவிடுங்கள், கடைசி வாரத்தில் இதற்குத்தான் பலர் அலைகிறார்கள். கழிப்பறைப் பழக்கம் கட்டாயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு பிப்ரவரி வாக்கெடுப்புக்கு முன்பே திறந்தால் காத்திருக்காமல் போட்டுவிடுங்கள். போர்டு மேசையில் விண்ணப்ப எண்ணிக்கையும் இருக்கும், உங்கள் விண்ணப்பமும் அதில் ஒன்று. வாக்கெடுப்பு எதிராகப் போனால் அந்தக் கோடையில் தனியார் இடங்கள் வேகமாக நிரம்பும். அதனால் திருப்பித் தரக்கூடிய முன்பணம் வாங்கும் தனியார் ப்ரீஸ்கூல் ஒன்றில் இப்போதே பெயரைக் கொடுத்து வையுங்கள்.